“ஓவர்ஹால் செய்தது” என்றார், ஹெட்டைத் தூக்கினால் பழைய லைனர்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன். வெளிநாட்டு டிராக்டர் இழுவைப் போட்டிகளை யூடியூபில் பார்த்து, நண்பர்கள் சேர்ந்து தோட்டத் திடலில் சின்னதாக ஒன்று நடத்தலாம் என்று இறங்கினோம். பழைய இயந்திரங்கள் விற்கும் ஒருவரிடம் மாஸி பெர்குசன் 290 ஒன்றை 18,500 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். 15,000 கொடுத்தாயிற்று, பாக்கி 3,500. “போன வருஷம்தான் ஓவர்ஹால் செய்தது, லைனர், பிஸ்டன் எல்லாம் புதுசு” என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். இழுவைப் போட்டிக்குத்தான் வாங்குகிறேன் என்று நானும் சொன்னேன். கொண்டுவந்ததும் டீசல் பம்பைக் கொஞ்சம் கூட்டினோம். பின்பக்கம் இரும்பை வெட்டிக் கொக்கிக்கு வெல்டிங் வைத்தோம். இரண்டே வாரத்தில் ஒரே புகை, இழுவை இல்லை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் லைனர்கள் (பிஸ்டன் ஓடும் உருளைக் கூடுகள்) தேய்ந்து கிடக்கின்றன. சரிசெய்ய 7,800 வெள்ளி ஆகும் என்கிறார் ஃபிட்டர். விற்றவரோ, “பம்பைக் கூட்டிக் கெடுத்தது நீ. ‘உள்ளது உள்ளபடி’ என்று ரசீதில் இருக்கிறது. பாக்கியைக் கொடு, இல்லாவிட்டால் லாரியோடு வந்து தூக்கிப்போவேன்” என்கிறார். வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்க முடியுமா? பயனீட்டாளர் மன்றத்துக்குப் போகலாமா?

பதில்: திருப்பிக் கொடுப்பது கிட்டத்தட்ட முடியாது. பணத்தில் ஒரு பங்கை மீட்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் எதை முன்வைத்துக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் போட்டியைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். வழக்கில் அதை முன்னால் வைக்காதீர்கள். 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவில், வாங்குபவர் இன்ன வேலைக்கு என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று உள்ளது. சரி, நீங்கள் சொன்னீர்கள். ஆனால் இழுவைப் போட்டி சாதாரண டிரெய்லர் வேலை இல்லையே. வண்டி நகர நகர, அது இழுக்கும் ஸ்லெட்டின் (சறுக்குவண்டியின்) மேல் இருக்கும் எடைப்பெட்டி முன்னால் ஏறி வரும், பாரம் கூடிக்கொண்டே போகும், கடைசியில் எந்த வண்டியும் திணறும். முழு இழுவை என்பது பெரும்பாலும் 300 அடி. பழைய இயந்திரம் விற்பவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? “அவர் திறமையை நம்பினேன்” என்று நீங்கள் சொன்னால் எதிர்த்தரப்பு சிரிக்கும். போட்டிக்காகச் செய்த செலவு எதையும் கேட்காதீர்கள்.

உங்கள் கையில் இருக்கும் பலமான ஆயுதம் அந்தக் குரல் பதிவு. “லைனர், பிஸ்டன் எல்லாம் புதுசு” என்பதை வெறும் வியாபாரப் பேச்சு என்று தள்ள முடியாது. அது சோதித்துப் பார்க்கக்கூடிய ஓர் உண்மையைப் பற்றிய கூற்று. அது பொய்யென்றால் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17, 18, 19ஆவது பிரிவுகள் உங்களுக்கு உதவும். 19இன் இரண்டாம் உட்பிரிவு உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது: ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டே, சொன்னது உண்மையாக இருந்திருந்தால் எந்த நிலையில் இருப்பீர்களோ அந்த நிலையில் உங்களை வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்த நிலை என்ன? புது லைனர் போட்ட எஞ்சின். அதற்கு ஆகும் செலவு 7,800. “பழைய வண்டிக்குப் புதுச் சாமான் கேட்கிறாயே” என்று அவர் சொல்ல முடியாது. புதுசு என்று சொல்லித்தானே விற்றார்.

பம்பைக் கூட்டியது உங்கள் தவறுதான், மறைக்காதீர்கள். டீசலை அதிகம் கொடுத்தால் கரும்புகை வரும், சூடேறும், பிஸ்டன் தலை எரியவும் கூடும். அப்படி எரிந்திருந்தால் அந்தப் பங்கு உங்கள் தலையில்தான் விழும். ஆனால் லைனர் தேய்மானம் வேறு கதை. பிஸ்டன் ரிங் மேலே எட்டும் இடத்துக்குச் சற்று மேல், லைனரின் உள்சுவரில் நகத்தால் தடவிப் பாருங்கள். பல ஆண்டு ஓடிய எஞ்சினில் அங்கே ஒரு விளிம்பு நிற்கும், நகம் தட்டும். ரிங் உரசாத இடம் அப்படியே நிற்க, கீழே தேய்ந்து போவதால் வருவது அது. இரண்டு வாரத்தில், எவ்வளவு பம்பைக் கூட்டினாலும், அது உருவாகாது. என் அப்பா தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்தவர். வக்கீல் படிப்பில் இல்லாத இந்தப் பாடம் அவரிடம் கற்றது.

“உள்ளது உள்ளபடி” என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். தரத்தைப் பற்றிச் சட்டமே சேர்க்கும் நிபந்தனைகளை ஒப்பந்தத்தால் விலக்கலாம், பொருள் விற்பனைச் சட்டத்தின் 62ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் தெரிந்தே வாயால் சொன்ன பொய்யை அந்த வரி கழுவிவிடாது. “பார்த்துத்தானே வாங்கினாய்” என்பார். விற்பவர் முற்றத்தில் யாரும் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

வண்டியைத் திருப்ப முடியாது என்றதற்குக் காரணம் உங்கள் வெல்டிங். இரும்பை வெட்டி எஞ்சினைப் பிரித்த பிறகு அதே சட்டத்தின் 42ஆவது பிரிவின்படி பொருளை ஏற்றுக்கொண்டதாகவே ஆகிறது. அதன் பிறகு 13, 59ஆவது பிரிவுகள் தருவது நட்டஈடும் விலைக் குறைப்பும்தான்.

விலைக் குறைப்பு என்றால், பாக்கி 3,500ஐ உங்கள் நட்டத்தில் கழித்துக்கொள்ளலாம். 7,800இல் 3,500 போனால் 4,300. இந்தத் தொகை முக்கியம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறைக்கு 5,000 வெள்ளிதான் உச்சவரம்பு, அதற்குள் நீங்கள் வந்துவிடுகிறீர்கள். அங்கே நீங்கள் வக்கீல் வைக்க முடியாது, நீங்களே நின்று பேச வேண்டும். குவாலா கங்சார் நீதிமன்ற முகப்பில் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். இதை எழுதுவதால் எனக்கு ஒரு கட்சிக்காரர் குறைகிறார், பரவாயில்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வரை கேட்கலாம், கட்டணமும் 5 வெள்ளிதான். ஆனால் அது வீட்டு, சொந்தத் தேவைக்கு வழக்கமாக வாங்கும் பொருள்களுக்கானது. டிராக்டர் அந்த வகைக்குள் வராது என்று முதல் நாளே ஆட்சேபம் எழும். அங்கே காலத்தைப் போக்க வேண்டாம்.

லாரி மிரட்டலைப் பொறுத்தவரை, முழுப் பணம் வரும்வரை வண்டி விற்றவருடையது என்று ரசீதில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் வண்டி உங்களுடையது. கையை விட்டுக் கொடுத்த பொருளைப் பாக்கிக்காகத் தூக்கிப்போக அவருக்கு உரிமை இல்லை, வந்தால் போலீஸ் புகார் செய்யுங்கள். வண்டியின் பதிவுச் சான்றிதழான கிராண்டைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அது யார் பெயரில் இருக்கிறது என்று சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் உடனே விசாரியுங்கள். பழைய தோட்டத்தின் பெயரிலோ, ஏதாவது நிதி நிறுவனத்தின் உரிமைக் குறிப்போடோ இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது வழக்கே வேறு. திடலில் போட்டி நடத்தத் தோட்ட நிர்வாகியின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். சாலையில் ஓட்டிப்போகும் எண்ணம் இருந்தால் உரிமம், ரோட்டெக்ஸ் (சாலை வரி), இன்சூரன்ஸ் மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

இப்போதைக்கு எஞ்சினில் கை வைக்காதீர்கள். உங்கள் ஃபிட்டர் சொந்தக்காரர் என்றால் அவர் போதாது. சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கை அழைத்து லைனர்களை அளந்து, படமெடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கைப்பேசியை மாற்றாதீர்கள், குரல் பதிவை அழிக்காதீர்கள். பிறகு விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, 14 நாளுக்குள் அவரும் ஆள் அழைத்து வந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அந்தக் கெடு முடிந்ததும் ரிப்பேரைத் தொடங்கலாம். கழற்றிய நாலு லைனர்களிலும் சிலிண்டர் எண்ணை எழுதி, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி வையுங்கள். வழக்கு முடியும்வரை பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.