அக்காவிடம் கேளுங்கள்: எந்த வாவியில் படகு ஏறலாம்?

கேள்வி: அக்கா, பாடசாலை விடுமுறைக்குக் குடும்பத்தோடு படகுச் சவாரி போவோம் என்று வீட்டில் ஒரே பேச்சு. நாங்கள் எட்டுப் பேர். மாமியாருக்கு முழங்கால் வலி, கடைக்குட்டிக்கு நாலு வயது. காசல்ரீ பக்கத்தில்தானே இருக்கிறது, வேன் செலவு மிச்சம் என்கிறார் கணவர். பிள்ளைகள் நுவரெலியா என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எங்கே போவது?
வாசகி, நோர்வூட்

பதில்: இந்த முறை பிள்ளைகள் பக்கம்தான் நான். காரணம் உங்கள் மாமியாருடைய முழங்கால்!

காசல்ரீ அழகில் குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கம், விமலசுரேந்திர மின்நிலையத்துக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது, அதனால் நீர்மட்டம் ஏறும், இறங்கும். இறங்கிய நாளில் கரையில் வழுக்கும் சேற்றுச் சரிவுதான் மிஞ்சும், போன மாதம் படகு கட்டிய இடத்துக்கு இப்போது தண்ணீரே வராமல் இருக்கலாம். முழங்கால் வலியோடு அதில் இறங்கி, ஆடுகிற படகில் கால் வைப்பது சும்மா விஷயமா? மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கமும் இதே கதைதான். அங்கே தண்ணீர் வற்றும்போது மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் விகாரையும் வெளியே தெரியும், அதைப் பார்க்க ஒரு நாள் கட்டாயம் போங்கள், கரையில் நின்று பார்த்தால் போதும்.

நுவரெலியா கிரகரி வாவி 1873இல் ஆளுநர் சேர் வில்லியம் கிரகரி காலத்தில் சதுப்பு நிலத்தில் ஓடையை மறித்து உண்டாக்கியது. கரையோரம் நடைபாதை போட்டிருக்கிறார்கள், மாமியார் மெதுவாக நடந்தே படகுத்துறைக்கு வரலாம், ஏற மனமில்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஏப்ரல் சீசனில் போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் ஆளை ஏற்றுவதிலும் இறக்குவதிலும் அவசரம் வந்துவிடும், அந்த ஏறி இறங்குகிற இடத்தில்தான் கால் தவறுவது சுலபம். கண்டிப் பக்கம் போகிற வேலை இருந்தால் கண்டி வாவியும் நல்லதுதான். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் 1807இல் கட்டியது, தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வெளியில் வாகன இரைச்சல் மட்டும் கொஞ்சம் அதிகம்.

சரி, எந்த வாவி என்பதைவிட எந்தத் துறை என்பதைப் பாருங்கள். போனவுடன் ரிக்கற் வாங்காதீர்கள். உங்களுக்கு முன்னால் ஒரு படகு ஆளேற்றிக்கொண்டு புறப்படுவதைத் தள்ளி நின்று பாருங்கள். ஓட்டுநர் ஆளை எண்ணுகிறாரா, உயிர்காப்பு அங்கியை மாட்டிவிடுகிறாரா, அல்லது இருக்கைக்கு அடியில் குவித்துவைத்து விட்டு “வேணும்னா போடுங்க” என்கிறாரா? அந்த “வேணும்னா” காதில் விழுந்தால் வேறு துறை பாருங்கள், இல்லாவிட்டால் கடலை வாங்கித் தின்றுவிட்டு வீடு திரும்புங்கள்.

நாலு வயதுக் குழந்தைக்குச் சின்ன அங்கி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். போட்டு, பட்டி எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு, தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறி, முகவாய் உள்ளே புதைந்தால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது, தண்ணீரில் அங்கி மிதக்கும், பிள்ளை கழன்றுவிடும். கால்களுக்கு இடையே போகிற பட்டி இருந்தால் நல்லது. “அம்மா மடியில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று அவர்கள் சொன்னால் ஏறவே வேண்டாம், நுவரெலியாத் தண்ணீரின் குளிரில் விழுந்தவுடனே மூச்சு வாங்கும், அந்த நேரத்தில் பிள்ளையை இறுக்கிப் பிடிக்கும் பலம் யாருக்கும் வராது.

எட்டுப் பேரும் ஒரே படகில் போக வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். இரண்டாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றிலும் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவராவது இருக்கட்டும்.

காலையிலேயே போய்விடுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பகலுக்குப் பிறகு இடியும் மின்னலும் வருவது மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும், மே தொடங்கினால் தென்மேல் பருவமழை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடி எண்ணி முடிக்க முடியவில்லை என்றால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது, படகில் இருந்தால் உடனே கரைக்குத் திருப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: பதினைந்து வயது மகன் ஜெட் ஸ்கீ ஓட்டக் கேட்கிறான். விடலாமா?
வாசகர், தலவாக்கலை

பதில்: தனியாக வேண்டாம். பயிற்றுநர் ஓட்ட, அவன் பின்னால் உட்காரட்டும். ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் இயந்திரத்தை நிறுத்தும் கயிறு மாட்டியிருக்க வேண்டும், விழுந்தால் அது பிடுங்கப்பட்டு இயந்திரம் நின்றுவிடும். மாட்டவில்லை என்றால் மகனை இறங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சேலையோடு படகு ஏறலாமா அக்கா? சுடிதார் எனக்குச் சரிவராது.
வாசகி, ஹட்டன்

பதில்: தாராளமாக. முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு, அதற்கு மேல் அங்கியைப் போடுங்கள், முந்தானையை அங்கிக்கு வெளியே தொங்கவிட வேண்டாம். கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டினால் ஏறும்போது தடுக்காது. ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஈரப் பலகையில் அது வழுக்கும். படகின் ஓரத்தில் கால் வைக்காமல் நடுவில் வையுங்கள், முன்னால் ஏறியவர் உட்கார்ந்த பிறகு நீங்கள் ஏறினால் போதும்.