ஜீரோ பார்த்துக்குங்க! - வாசகர் கேள்வி பதில்

பெட்ரோல் விலை பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் போட்டதும் வந்து குவிந்துவிட்டன. வெறுமனே திட்டி எழுதியவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை, நானும் உங்கள் கட்சிதான். கணக்கு சுலபமாக இருக்க எல்லா இடத்திலும் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்திருக்கிறேன், உங்கள் ஊர் விலைக்கு முன்னே பின்னே பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறேன். சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு பெட்ரோலுக்கே போகிறது. மைலேஜ் கூட்ட என்ன வழி? (செங்கல்பட்டு வாசகர்)

ப: உங்கள் வண்டி நிஜமாகவே எவ்வளவு கொடுக்கிறது என்று தெரியுமா? ஷோரூமில் சொன்ன கணக்கு வேண்டாம். டேங்க்கை ஃபுல் பண்ணுங்கள், நாசில் தானாக 'டக்' என்று நின்றதும் போதும், கழுத்து வரை விடச் சொல்லாதீர்கள். ட்ரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்கள். அடுத்த தடவை அதே பங்க்கில் அதே மாதிரி ஃபுல் பண்ணி, பில்லில் எத்தனை லிட்டர் என்று பார்த்து, ஓடிய கிலோமீட்டரை அதால் வகுத்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் உண்மை தெரிந்துவிடும். இது தெரியாமல் மைலேஜ் கூடியதா குறைந்ததா என்று பேசுவதே வீண்.

அப்புறம் காற்று. பஞ்சர் கடையில் எந்த வண்டி வந்தாலும் ஒரே அளவு பிடித்து அனுப்புவார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது, தனியாகப் போவதற்கு ஒன்று, பின்னால் ஆள் இருந்தால் இன்னொன்று. அதைப் படித்து, டயர் சூடேறும் முன் காலையிலேயே பிடியுங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, செயின் காய்ந்து கிடக்கிறதா, பிரேக் ஷூ உரசுகிறதா என்பதையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். மெயின் ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் தாராளமாகச் சுற்ற வேண்டும், அரை சுற்றில் நின்றால் உங்கள் காசு அங்கேதான் தேய்கிறது.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் உங்கள் வலது கை. ஜிஎஸ்டி சாலையில் காலியான இடம் கிடைத்தால் 80-க்கு முறுக்கி, அடுத்த சிக்னலில் பிரேக் பிடித்து நிற்பதுதான் நம் எல்லோருடைய வழக்கம். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 50-ல் இருந்து 80-க்குப் போனால் அது இரண்டரை மடங்கு. 45-லிருந்து 55-க்குள் ஓட்டச் சொல்லிப் பெட்ரோலியச் சிக்கன அமைப்பான பிசிஆர்ஏ வருஷக் கணக்காகக் கத்திக்கொண்டிருப்பது இதனால்தான்.

இவ்வளவும் செய்து லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கூடினால் சந்தோஷப்படலாம். ஆனால் நீங்கள் ஒரு நாளைக்குப் போக வர 90 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், கிட்டத்தட்ட 200 ரூபாய். உங்கள் ஊரிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயில் இருக்கிறது சார். வண்டியை ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டுவிட்டு சீசன் டிக்கெட் எடுத்துப் பாருங்கள், ஒரு மாத சீசன் உங்கள் ஒரு வாரப் பெட்ரோல் காசுக்குள் அடங்கிவிடும். ரயிலில் நெரிசல் இருக்கும், அதை நான் மறைக்கவில்லை.

கே: விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் குளிர்ச்சியில் அடர்த்தி கூடி அதிகம் கிடைக்குமாமே? (நாமக்கல் வாசகி)

ப: பங்க்கின் டேங்க் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மேலே வெயில் கொளுத்தினாலும் அங்கே சூடு பெரிதாக ஏறி இறங்காது. தூங்குங்கள்.

கே: 100, 200 என்று முழு ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்றுகிறார்கள், 110, 210 என்று போட வேண்டும் என்கிறார்களே? (திருநெல்வேலி வாசகர்)

ப: மெஷின் அளப்பது லிட்டரைத்தான், நீங்கள் சொல்லும் தொகை அதற்குள் லிட்டராக மாறிவிடும். மெஷினில் கைவைத்தவன் 110-லும் ஏமாற்றுவான். பார்க்க வேண்டியது வேறு. பையன் "ஜீரோ பார்த்துக்குங்க" என்று சொல்லும்போது நிஜமாகவே திரும்பிப் பாருங்கள், நம்மில் பாதிப் பேர் அந்த நேரம்தான் போனை எடுப்பார்கள், இல்லை பர்ஸைத் தேடுவார்கள். காரில் இருந்தால் இறங்கி நில்லுங்கள். சந்தேகம் வந்தால், எடையளவுத் துறை முத்திரை வைத்த ஐந்து லிட்டர் அளவுக் குவளை எல்லா பங்க்கிலும் இருக்க வேண்டும், அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதி, அதற்கு மேல் குறைந்தால் புகார் கொடுக்கலாம்.

கே: எங்கள் ஊர்க்காரர்கள் பலர் பாண்டிச்சேரி எல்லையில் போய் பெட்ரோல் போடுகிறார்கள். லாபமா? (கடலூர் வாசகர்)

ப: அந்தப் பக்கம் வேலையாகப் போகும்போது போட்டால் லாபம். அதற்காகவே போனால் பாருங்கள்: லிட்டருக்கு 5 ரூபாய் மிச்சம், பைக்கில் 5 லிட்டர், ஆக 25 ரூபாய். போக வர 20 கிலோமீட்டர் என்றால் லிட்டருக்கு ஐம்பது கொடுக்கும் வண்டிக்கே 40 ரூபாய் பெட்ரோல் எரிந்துவிடும். காரில் 35 லிட்டர் நிரப்பினால் 175 மிச்சமாகும், ஓட்டத்துக்கு 130-க்கு மேல் போகும். மீதியில் ஆளுக்கு ஒரு டீ, ஒரு வடை. பிளாஸ்டிக் கேனில் வாங்கி வைக்கலாமே என்று மட்டும் யாரும் யோசிக்க வேண்டாம், வீட்டோடு போய்விடும்.

கே: கச்சா எண்ணெய் விலை ஏறினால் இங்கே ஏறுகிறது, இறங்கினால் இறங்குவதில்லையே? (தஞ்சாவூர் வாசகர்)

ப: எரிச்சலோடு கேட்டிருக்கிறீர்கள், நியாயம்தான். பெட்ரோல் விலையை 2010 ஜூனிலும் டீசல் விலையை 2014 அக்டோபரிலும் நிர்ணயிப்பதை அரசு எண்ணெய் நிறுவனங்களிடம் விட்டுவிட்டது. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை விலை மாறும் என்றார்கள். 2020-ல் கொரோனா வந்து கச்சா எண்ணெய் அடிமட்டத்துக்குப் போனபோது நமக்குக் குறைந்ததா? மத்திய அரசு அந்த மார்ச்சிலும் மே மாதத்திலும் பெட்ரோல் மீது மொத்தம் 13 ரூபாய் வரி ஏற்றி அந்த இடைவெளியை எடுத்துக்கொண்டது. தமிழ்நாடும் அதே மே மாதம் வரியை மாற்றியது. 2021 ஜூலையில் சென்னையில் 100 ரூபாய் தாண்டியது. ஆகஸ்டில் மாநில பட்ஜெட்டில் 3 ரூபாய், நவம்பரில் மத்திய அரசு 5 ரூபாய், 2022 மே மாதம் இன்னொரு 8 ரூபாய் என்று வரியைக் குறைத்தார்கள்.

தினமும் மாற வேண்டிய விலை 2021 நவம்பரிலிருந்து 2022 மார்ச் வரை அசையவில்லை, நடுவில் உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் தேர்தல். முடிந்து பதினைந்து நாள் ஆவதற்குள் ஏற ஆரம்பித்தது. அதே போல 2022 மே முதல் 2024 மார்ச் வரை சென்னையில் 102 ரூபாய் 63 காசிலேயே நின்றது, பிறகு மக்களவைத் தேர்தலுக்கு முன் 2 ரூபாய் குறைந்தது. விலையைச் சந்தை தீர்மானிக்கிறது என்று யாராவது சொன்னால் இந்தத் தேதிகளைக் காட்டுங்கள். மாநிலமும் சும்மா இல்லை, 2021 குறைப்புக்குப் பிறகும் 13 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் மதிப்புக் கூட்டு வரி. ஜிஎஸ்டிக்குள் பெட்ரோலைக் கொண்டுவர இரண்டு பக்கமும் மனசில்லாததற்குக் காரணம் புரிகிறதா?

கே: 2014-ல் வாங்கிய ஸ்கூட்டர். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்த மாதிரி இருக்கிறது. பிரமையா? (திருச்சி வாசகி)

ப: பிரமை இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது சதவீதம் கலந்தால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். எத்தனாலுக்கென்று வடிவமைக்காத பழைய இருசக்கர வண்டிகளில் 3, 4 சதவீதமும் கார்களில் 6, 7 சதவீதமும் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. 40 கொடுத்த ஸ்கூட்டர் 38 சொச்சத்துக்கு வந்திருந்தால் அது கணக்குக்குள் வருகிறது. 30-க்கு இறங்கியிருந்தால் எத்தனாலைக் குறை சொல்லாமல் மெக்கானிக்கிடம் போங்கள், போகும்போது பெட்ரோல் டியூபும் ரப்பர் வாஷரும் உப்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோபம் வருவது எனக்கும் எங்கே என்றால், சக்தி குறைந்த சரக்கை அதே விலைக்கு விற்கிறார்களே, அங்கே.

கே: ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நண்பன் சொல்கிறான். (சேலம் வாசகர்)

ப: நண்பனோடு வண்டியில் ஏறாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலை அது, நியூட்ரலில் இறங்கினால் முழு பாரமும் பிரேக்கில், சூடேறிவிட்டால் பிடிக்காது. மிச்சமும் கிடையாது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் பெட்ரோல் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கே: பெட்ரோல் ஏறினால் எல்லோரும் ஆட்டோக்காரர்களைத் திட்டுகிறார்கள். எங்கள் கஷ்டத்தை யாரும் எழுதுவதில்லை. (சென்னை ஆட்டோ ஓட்டுநர்)

ப: அண்ணே, எழுதுகிறேன். அரசு 2013 ஆகஸ்டில் சென்னைக்கு வைத்த மீட்டர் கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அன்று பெட்ரோல் எழுபது ரூபாய்ச் சொச்சம். 2025 தொடக்கம் வரை அந்தக் கட்டணம் அப்படியே கிடந்தது, அந்த பிப்ரவரியில் சங்கங்கள் தாங்களே 50, 18 என்று அறிவித்துப் பார்த்தன. பன்னிரண்டு வருஷம் சம்பளம் ஏறாவிட்டால் எந்த ஆபீஸ்காரர் பொறுப்பார்? ஆனால் மீட்டரையே போடாமல், மழை பெய்தால் ஒரு ரேட், ஆள் வெளியூர் என்றால் ஒரு ரேட் என்று கேட்பதற்கு இது சமாதானம் ஆகாது. நியாயமான கட்டணம் வந்தால் மீட்டர் போடுவோம் என்று உங்கள் ஸ்டாண்டில் எழுதி ஒட்டுங்கள், பயணிகளில் பாதிப் பேர் உங்கள் பக்கம் வருவார்கள்.

கே: பேசாமல் மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிடலாமா? (கோவை வாசகி)

ப: தினமும் 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர், வீட்டிலேயே சார்ஜ் போட இடம் இருக்கிறது என்றால் வாங்கலாம். 100 கிலோமீட்டருக்குத் தோராயமாக மூன்று நான்கு யூனிட், யூனிட் 8 ரூபாய் வைத்தாலும் முப்பது ரூபாய்ச் சொச்சம். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 220. ஆனால் ஈபி கார்டை எடுத்துப் பாருங்கள், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்களா? அதைத் தாண்டினால் வீட்டு உபயோகத்துக்கும் சேர்த்து ரேட் மாறிவிடும். கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் எடுக்கிற வண்டி என்றால் இருப்பதையே ஓட்டுங்கள், புது வண்டியின் தவணைதான் பெட்ரோலைவிட அதிகமாக வரும். மூன்றாவது மாடியில் குடியிருக்கிறீர்கள் என்றால் வாங்குவதற்கு முன் கீழே பிளக் பாயின்ட் வைக்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று கேட்டுவிடுங்கள்.