பையன் தெளிந்துவிட்டான், மாத்திரையை நிறுத்தலாமா?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: "மகனுக்கு 24 வயது. காதில் குரல் கேட்கிறது, ஊரே தன்னைக் கொல்லப் பார்க்கிறது என்று பயந்து கிடந்தான். ஐந்து மாதமாக இரவில் ஒலான்சபின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறான். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் காலையில் எழுப்ப முடியவில்லை, எட்டு கிலோ ஏறிவிட்டது. மறுபடி தேயிலைக் கொழுந்து வண்டி ஓட்டப் போகிறேன் என்கிறான். குணமான பிறகும் எதற்கு மாத்திரை, பழகிப்போகும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நிறுத்திவிடலாமா?"

நிறுத்த வேண்டாம், அம்மா. அவன் தெளிவாக இருப்பதில் அந்த மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலை மிகும்போது, பக்கத்து வீட்டுச் சிரிப்புகூடத் தன்னைப் பற்றியதாகத் தோன்றும். டோபமைன் போய் ஒட்டும் இடங்களை ஒலான்சபின் மறித்து அந்த வேகத்தைத் தணிக்கிறது. இது போதை மருந்து அல்ல. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், குமட்டும், வியர்க்கும். நோய் உடனே திரும்பாமல் சில வாரமோ சில மாதமோ கழித்துத் திரும்பலாம். அந்த இடைவெளிதான் குடும்பங்களை ஏமாற்றுகிறது. முதல் முறை வந்த நோய்க்கே தெளிந்த பின் ஓராண்டு, இரண்டாண்டு தொடரச் சொல்வது வழக்கம். அப்புறமும் மருத்துவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.

அதற்காகத் தூக்கத்தையும் எடையையும் அவன் பொறுத்துக்கொண்டே ஆகவேண்டும் என்று சொல்லமாட்டேன். பத்து, பதினோரு மணிக்குச் சாப்பிடுகிறான் என்றால் எட்டு மணிக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் அளவைக் குறைப்பது பற்றி அவரே யோசிப்பார். காலை மந்தம் முழுதாகப் போகும்வரை கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்ட வேண்டாம். அதுவரை கொழுந்து எடை போடும் வேலையோ, கணக்கு வேலையோ பார்க்கட்டும். அளவு மாறும் ஒவ்வொரு முறையும் சில நாள் இதே கவனம் வேண்டும்.

பசி அவனுடைய பேராசை அல்ல, மருந்து கிளப்பும் பசி. திட்டாதீர்கள். சர்க்கரை போட்ட டீயும் வர்க்கியும் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் தொடக்கத்திலும் மூன்றாம் மாதத்திலும் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள். எடை ஏறிக்கொண்டே போனால் எடை அதிகம் கூட்டாத வேறு மாத்திரை உண்டா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அந்தப் புகை கல்லீரலை முடுக்கி ஒலான்சபினை வேகமாகச் சிதைக்கும். திடீரென்று புகையை விட்டால் ரத்தத்தில் மருந்து ஏறி மயக்கம் கூடும். விடுவது நல்லதுதான், சொல்லிவிட்டு விடட்டும். மது கூடவே கூடாது.

ஒரு இரவு மறந்து, காலையில் நினைவு வந்தால் அதை விட்டுவிட்டு இரவு வழக்கமான ஒன்றைக் கொடுங்கள். இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் மருத்துவரைக் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து சாலை அடைபடும் ஊர் நம்முடையது. இரண்டு வார மாத்திரை கையிருப்பு எப்போதும் இருக்கட்டும். பனி ஈரம் படாமல் அட்டையிலேயே வையுங்கள்.

கடும் காய்ச்சலோடு உடம்பு மரம்போல் இறுகி, வியர்த்து, குழம்பிப் பேசினால் அடுத்த மாத்திரை கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். இது அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து. கழுத்து ஒரு பக்கம் இழுத்தாலோ கண் மேலே சொருகினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள், ஊசியில் சரியாகும். மீண்டும் இரண்டு இரவு தூங்காமல், யாரையோ சந்தேகித்தால் நோய் திரும்புகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் காலம் பார்க்காமல் பேச, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416 இலவசம்.

அவனே மறுத்தாலும் ரசத்தில் கரைத்துக் கொடுக்காதீர்கள். தெரிந்த அன்று உங்கள் கைச் சோற்றையே சந்தேகிப்பான். அடுத்த முறை அவனும் உள்ளே போய், மறுபடி வண்டி ஓட்ட வேண்டும் என்ற ஆசையைத் தன் வாயாலேயே மருத்துவரிடம் சொல்லட்டும்.