தர்பூசணியில் பிஞ்சு நிற்கவில்லையா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அடி இடம் இருக்கிறது. கடையில் வாங்கிய தர்பூசணியின் விதையைப் போட்டேன். கொடி நன்றாகப் படர்ந்தது. ஆனால் பிஞ்செல்லாம் சுண்டைக்காய் அளவிலேயே மஞ்சளாகி விழுந்துவிட்டது. அடுத்த முறை எந்த ரகம் போடலாம்? – செங்கல்பட்டு வாசகி

பதில்: ரகத்துக்கு அப்புறம் வருகிறேன் அம்மா. பிஞ்சு உதிர்வது பெரும்பாலும் மகரந்தம் சேராத குறையால்தான். அந்தக் குறையைச் சரிசெய்யாமல் எந்த ரகம் போட்டாலும் இதுவேதான் நடக்கும்.

தர்பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூ மலரும் முன்பே அதன் அடியில் மெல்லிய ரோமத்தோடு ஒரு குட்டிக் காய் இருக்கும். மகரந்தம் சேராவிட்டால் அது வளராமல் பழுத்து உதிர்ந்துவிடும். வீடுகள் நெருங்கிய இடத்தில் தேனீ வரத்து குறைவு. அதனால் நீங்களே சேர்த்துவிடுங்கள். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதுக்குள், அன்று மலர்ந்த ஆண்பூவைக் காம்போடு பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, பெண்பூவின் நடுவில் மூன்று பிளவாக இருக்கும் சூல்முடி முழுக்க மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகிவிடும். ஒரு பெண்பூவுக்கு இரண்டு ஆண்பூ எடுத்தால் நல்லது. முதல் சில நாட்கள் ஆண்பூ மட்டுமே வரும், பயப்பட வேண்டாம்.

சரி, ரகம். கடைப் பழங்கள் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்கள். அந்த விதையில் தாயைப் போலவே காய் வராது. உங்கள் இடத்துக்கு நான் சொல்வது அர்கா முத்து. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ரகம். கொடி நாலு அடி அளவில் நின்றுவிடும், காய் இரண்டரை முதல் மூன்று கிலோ. அது கிடைக்காவிட்டால் சுகர் பேபி. கரும்பச்சைத் தோல், நல்ல இனிப்பு. கொடி நீளும் என்பதால் பாத்திக்குள்ளேயே வளைத்துவிட வேண்டும். அர்கா மாணிக் சாம்பல் நோயைத் தாங்கும், ஆனால் ஆறு கிலோ காய்க்கும் கொடிக்கு உங்கள் இடம் போதாது.

தை, மாசியில் விதையுங்கள். ஒரு அடி குழி நான்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கூடை மக்கிய தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் போட்டு மூன்று விதை ஊன்றுங்கள். இரண்டு வாரத்தில் நல்ல கன்று ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். இளம் இலையைச் செவ்வண்டு சல்லடையாக்கும். காலையில் கையால் பொறுக்கினாலே போதும். பூக்கும் காலத்தில் மருந்து எதுவும் அடிக்காதீர்கள். வருகிற ஒன்றிரண்டு தேனீயும் போய்விடும்.

காய விட்டுத் திடீரென நிறையத் தண்ணீர் ஊற்றினால் காய் வெடிக்கும். அளவாக, ஒரே சீராகப் பாய்ச்சுங்கள். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு குறைத்தால் இனிப்பு ஏறும். காய்க் காம்புக்கு எதிரே இருக்கும் பற்றுச்சுருள் காய்ந்து, தரையில் பட்ட பக்கம் வெள்ளை மாறி மஞ்சளானால் பறிக்கலாம்.