மீன் ஐஸ்ஸைப் பரலுக்குள் போடாதீர்கள்

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஆவணியில் மகளின் சாமத்திய வீடு (பூப்பு விழா). 120 பேர் வருவார்கள். காலை 11 முதல் பிற்பகல் 3 மணி வரை. தட்டில் குளிர்பானம் கொண்டு திரிய ஆளில்லை. மேசையில் வைத்துவிட்டால் அவரவர் ஊற்றிக் குடிக்கட்டும் என்று நினைக்கிறோம். வாடகைச் சாமான்காரர் ஒருவர், பைப் வைத்த பானப் பரல், ஐஸ், கோடியல் (தண்ணீர் விட்டுக் கலக்கும் பானப் பாகு) எல்லாம் தானே கொண்டுவருவதாகவும் தலைக்கு இவ்வளவு என்றும் சொல்கிறார். விடலாமா? எவ்வளவு தேவை?

பதில்: பரலை அவரிடம் எடுங்கள். ஐஸ்ஸையும் கோடியலையும் நீங்களே வாங்குங்கள்.

தலைக்கணக்குப் பேசுகிறவருக்கு லாபம் தண்ணீரில்தான். போத்தலில் எழுதிய அளவைவிடக் கூடத் தண்ணீர் விட்டுக் கலந்து, நிறத்தைக் காட்டி அனுப்பிவிடுவார். கோடியல் போத்தலின் மூடி உங்கள் குசினியில்தான் திறபட வேண்டும்.

ஐஸ் அதைவிட மோசம். பாளமாக வந்து, உரப்பைக்குள் வைத்துக் கட்டையால் அடித்து உடைபடுவது மீனுக்கென்று செய்த ஐஸ். குடிநீரில்தான் செய்தது என்பதற்கு உத்தரவாதமில்லை. நேற்று மீன் ஏற்றிய வாகனத்திலேயே இன்று அது வரும். உறைந்தால் கிருமி செத்துவிடும் என்பது பிழை. பல தூங்கிக் கிடந்து, கப்பில் ஐஸ் உருகும்போது எழும்பும். போத்தல் பானத்தில் சீனி எவ்வளவு என்று காட்ட 2016 முதல் சிவப்பு, செம்மஞ்சள், பச்சைக் குறி. உரப்பை ஐஸ்ஸில் ஓர் எழுத்தும் இல்லை. வயிற்றோட்டம் வந்த பிறகுதான் எல்லோரும் விசாரிக்க வருவார்கள்.

மீன் ஐஸ்ஸைத் தொடவே கூடாதா என்றால், ஒரே ஓர் இடத்தில் தொடலாம்: மூடி திறக்காத சோடாப் போத்தல்களைக் குளிர வைக்க. அதிலும் போத்தல் நிமிர்ந்து நிற்க வேண்டும், உருகிய தண்ணீர் கழுத்துக்குக் கீழே நிற்க வேண்டும், எடுத்ததும் வாயைத் துடைத்துத்தான் திறக்க வேண்டும். அந்த ஐஸ் இருக்கும் ரெஜிஃபோம் (தெர்மக்கோல்) பெட்டியும் அகப்பையும் பானமேசைப் பக்கமே வரக்கூடாது. பிள்ளைகள் அதிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் கப்பில் போட்டால் இவ்வளவு கவனமும் வீண். அதனால் பெட்டியைப் பானமேசையிலிருந்து தள்ளி, பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

இனிக் கணக்கு. ஆவணிக் கச்சான் காற்றில் ஒருவர் நான்கு மணித்தியாலத்தில் 200 மில்லிலீற்றர் கப்பில் நான்கு குடிப்பார். 120 பேருக்கு 96 லீற்றர். 100 என்று வையுங்கள். 40 வெறும் தண்ணீர், 40 தேசிக்காய், 20 நெல்லி. தண்ணீரைக் குறைக்காதீர்கள், சோறு சாப்பிட்டவுடன் எல்லோரும் தேடுவது அதைத்தான்.

ஐஸ் உருகிப் பானம் சப்பென்று போவதுதான் பொதுவான குறை. காரணம், ஐஸ்ஸைத் தண்ணீராக யாரும் எண்ணுவதில்லை. 30 பாகை வெப்பமுள்ள 16 லீற்றரில் 4 கிலோ ஐஸ் போட்டால் அது முழுதும் உருகி, பானம் ஏறத்தாழ 8 பாகைக்கு இறங்கும். மொத்தம் 20 லீற்றர். ஆகவே 20 லீற்றருக்கான சீனியையும் புளியையும் 16 லீற்றரில் கரையுங்கள்: 2 கிலோ சீனி, 50 தேசிக்காய், ஒரு மேசைக்கரண்டி உப்பு. சீனியை முதல்நாள் இரவு 4 லீற்றர் கொதிநீரில் கரைத்து ஆறவிடுங்கள். தேசிக்காயைக் காலையில்தான் பிழிய வேண்டும். தோலை நசுக்கிப் பிழிந்தால் கசக்கும். மீதிக்குக் கொதித்தாறிய நீர். அலுமினியக் கிடாரத்தில் கலக்க வேண்டாம், புளி அதைத் தின்னும். பைக்கற்றில் அடைத்த குடிநீர் ஐஸ் 40 கிலோ போதும்: பரல்களுக்கு 20, மீதி பிறகு போட.

பரல் 25 லீற்றராக இருக்கட்டும், 20இல் ஐஸ் மிதந்து வழியும். பைப் மேசை விளிம்பைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கப் அடியில் போகாது. மூடியை இறுக்கினால் காற்று உள்ளே போகாமல் பைப் குடுகுடுவென்று நின்றுவிடும். பரல் பழுதென்று நினைக்காதீர்கள், மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி, மேலே மெல்லிய துணி கட்டுங்கள். தேசிக்காயை இரண்டு முறை வடியுங்கள். ஊறிப் பருக்கும் கசகசா விதை பரலுக்குள் போகவே கூடாது, பத்து நிமிடத்தில் பைப் அடைக்கும். விரும்புகிறவருக்குச் சிறு கிண்ணத்தில் கரண்டியோடு வையுங்கள். மோர், பால் சர்பத் இந்த வெயிலில் வேண்டாம்.

மேசைக்கு மேற்குச் சுவர் முதுகாக இருந்தால் கச்சான் புழுதி கொட்டாது. முதலில் கப், பிறகு தண்ணீர், கடைசியில் இனிப்பு, அதற்கப்பால் குப்பை வாளி. சாப்பாட்டு வரிசையோடு ஒட்டினால் இரண்டும் சிக்கும். பேப்பர் கப் 300 எடுங்கள். ஒரே கப்பைத் திரும்பப் பாவிக்க, பெயர் எழுதப் பக்கத்தில் ஒரு மார்க்கர் பேனை. முடிந்த பரலில் மேலே மேலே ஊற்றாமல், கழுவியே நிரப்புங்கள்.

வாடகைக்காரரிடம் பரலை முதல்நாளே வாங்கி, தண்ணீர் நிரப்பிப் பைப்படியில் அரை மணித்தியாலம் பாருங்கள். சொட்டினால் வாசரை மாற்றித் தந்த பிறகுதான் முற்பணம்.