சார்ஜா தோட்டம்: பூ உதிர்வது வெயிலால், இலை கருகுவது எருவால்

கேள்வி: ஐயா, சார்ஜாவில் வாடகை வில்லாவில் இருக்கிறோம். பின்புறம் 4 அடி அகலம், 10 அடி நீளத்தில் மூன்று பாத்தி கட்டியிருக்கிறேன். நர்சரியில் வாங்கிய மணலோடு, பாத்திக்கு 25 கிலோ கோழி எரு இரண்டு மூட்டை கலந்தேன். பிப்ரவரி கடைசியில் தக்காளி, கத்தரி, பீன்ஸ். ஓரத்தில் குண்டுமல்லி, ரோஜா, செண்டுமல்லி. குழாய்த் தண்ணீர்தான், தினம் இரண்டு வேளை கொஞ்சம் கொஞ்சமாக. இப்போது மே மாதம். தக்காளிப் பூ காம்போடு உதிர்கிறது. எல்லாச் செடியிலும் இலை ஓரம் கருகிச் சுருள்கிறது. பீன்ஸ் செத்தே போயிற்று, மல்லி வெளுக்கிறது. 20:20:20 உரம் வாரம் இரண்டு முறை ஊற்றினேன், அடுப்புச் சாம்பல், முட்டை ஓடும் போட்டேன். பூ நிற்க ஹார்மோன் அடிக்கச் சொல்கிறார் கடைக்காரர். எதை, எவ்வளவு அடிக்கலாம்?

பதில்: எதையும் அடிக்காதீர்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 24-க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் மலடாகிவிடும். கருப்பிடிக்காத பூவைச் செடியே கழற்றிப் போடும். ஹார்மோன் அடித்தால் நாலு காய் நிற்கலாம், அதுவும் விதையில்லாமல், கோணல்மாணலாக. வளைகுடாவில் தக்காளி குளிர்காலப் பயிர். செப்டம்பர் நடுவில் வீட்டுக்குள் நாற்று விட்டு, அக்டோபர் நடுவில் நட்டால் புது வருஷத்திலிருந்து ஏப்ரல் வரை பறிக்கலாம். பிப்ரவரி கடைசியில் தக்காளி நாற்று விற்ற கடைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்?

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இலையைப் பற்றி. வெயிலில் வாடிய இலை சாயங்காலம் நிமிர்ந்துவிடும். நுனியிலும் ஓரத்திலும் பழுப்பாகக் கருகி, அடி இலையிலிருந்து மேலே ஏறினால் அது உப்பு. பீன்ஸ் முதலில் செத்ததே சாட்சி. வேர் மண்ணின் கரைசலில் பீன்ஸ் தாங்குவது மீட்டருக்கு 1 டெசிசைமன் (உப்பின் அளவைக் காட்டும் அலகு), தக்காளி 2.5 வரை தாங்கும். காராமணி கிட்டத்தட்ட 5 வரை நிற்கும்.

இந்த உப்பு குழாயில் வரவில்லை. கடல்நீரைச் சுத்திகரித்துத் தருகிற தண்ணீரில் உப்பு குறைவுதான். உங்கள் பாத்தி 3.7 சதுர மீட்டர். அதில் 50 கிலோ கோழி எரு என்றால் சதுர மீட்டருக்கு 13 கிலோவுக்கு மேல். காய்ந்த கோழி எரு சதுர மீட்டருக்கு அரைக் கிலோ போதும், மிஞ்சினால் ஒரு கிலோ. 'ஆர்கானிக், எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை' என்று மூட்டையில் அச்சடிப்பவனை நம்பாதீர்கள். கோழி எருவில் பொட்டாஷ், சோடியம், குளோரைடு, அமோனியா எல்லாம் உண்டு. மழை பெய்கிற ஊரில் அதை வானம் கழுவிவிடும். உங்கள் ஊரில் வருஷ மழையே சுமார் 100 மில்லிமீட்டர், யார் கழுவுவது? அதன் தலையில் 20:20:20 வேறு. உரமும் உப்புதான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் அளந்து பாருங்கள். குடிநீர் ஃபில்டருக்கு வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனாவே (நீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) போதும். வேர் ஆழத்தில், அதாவது ஒரு சாண் கீழே எடுத்த மண்ணை நிழலில் உலர்த்தி, ஒரு கப் மண்ணுக்கு ஐந்து கப் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். அது கிட்டத்தட்ட வாலை வடிநீர்தான். முதலில் அதை மட்டும் அளந்து எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, தெளிந்ததும் பேனாவை விடுங்கள். மணல்பாங்கான மண்ணில் 100 பி.பி.எம். வரை பயமில்லை. 200-ஐத் தாண்டினால் தக்காளிக்கு ஆகாது. (பேனாவுக்குப் பேனா கணக்கு கொஞ்சம் மாறும். மண்ணில் ஜிப்சம் இருந்தாலும் எண் ஏறிக் காட்டும். ஆகவே தோராயம்தான்.)

உப்பை எடுக்க ஒரே வழி, தண்ணீரால் கீழே தள்ளுவது. ஒரு அடி ஆழ மண்ணில் ஒரு அடி உயரத் தண்ணீர் இறங்கினால் உப்பில் சுமார் 80 சதவீதம் போய்விடும். பாத்திக்கு ஏறக்குறைய 1,100 லிட்டர். ஒரே நாளில் கொட்டாதீர்கள், நான்கைந்து தடவையாகப் பிரித்து, ஒருநாள் விட்டு ஒருநாள். அதற்கு முன் பாத்திக்குப் பக்கத்தில் ஒரு அடிக் குழி வெட்டி நீர் நிரப்பிப் பாருங்கள். நாலு மணி நேரத்தில் வடியவில்லை என்றால் அடியில் கட்டடக் கழிவோ இறுகிய சுண்ணாம்புத் தட்டோ இருக்கிறது. கடப்பாரையால் அதை உடைக்காமல் அலசினால் உப்பு அங்கேயே நின்று, காய்ந்ததும் மறுபடி மேலே ஏறும்.

தினம் இரண்டு வேளை கொஞ்சம் கொஞ்சமாக என்று எழுதியிருக்கிறீர்களே, கேட்டை வளர்த்தது அதுதான். நாலு அங்குலம் நனைந்து, ஆவியாகி, உப்பை வேரிலேயே விட்டுப் போகிறது. பாத்தி ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள், மாவு தூவினாற்போல வெள்ளைப் பொருக்கு இருக்கும். விடியற்காலை ஒரு வேளை, ஒரு அடி ஆழம் நனையும்படி விடுங்கள்; பத்து நாளுக்கொரு முறை இரண்டு பங்கு. சொட்டுநீர் போட்டால் மணலில் நீர் பக்கவாட்டில் பரவாது, சொட்டுவாய்கள் ஒரு அடிக்குள் இருக்கட்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: சொட்டுநீரில் ஈரவட்டத்தின் விளிம்பில் உப்பு ஒதுங்கி நிற்கும். ஜனவரியில் ஒரு தூறல் விழுந்தால் அதை அப்படியே வேருக்குள் இழுத்துவிடும். தூறும்போது சொட்டுநீரை நிறுத்தாதீர்கள், திறந்துவிடுங்கள்.

சாம்பலையும் முட்டை ஓட்டையும் இன்றோடு விட்டுவிடுங்கள். புளித்த செம்மண்ணுக்குச் சொன்ன வைத்தியத்தை யூடியூபில் எல்லா மண்ணுக்கும் சொல்கிறார்கள். உங்கள் மண் ஏற்கெனவே சுண்ணாம்பு, கார நிலை (pH) 8-ஐ ஒட்டியிருக்கும். முட்டை ஓடு அதில் கரையவே கரையாது. சாம்பல் காரத்தை இன்னும் ஏற்றும். மல்லி வெளுப்பதும் இதனால்தான். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து மண்ணில் பூட்டிக் கிடக்கிறது என்று பொருள். அன்னபேதி (இரும்பு சல்பேட்) போட்டால் காரமண்ணில் வந்த வேகத்தில் செயலிழக்கும், இ.டி.டி.ஏ. (EDTA) இரும்பும் அப்படியே. பொட்டலத்தில் இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று இருக்க வேண்டும். கரைத்தால் ரத்தச் சிவப்பாக வரும். செடிக்கு 5 கிராம், 5 லிட்டர் நீரில், சாயங்காலம் வேரடியில். இலையில் அடிக்க வேண்டாம்.

தக்காளி, கத்தரி, செண்டுமல்லியைப் பிடுங்குங்கள். பிடுங்கும்போது வேரைப் பாருங்கள், முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. ஒரு பாத்தியை அலசிக் காராமணியும் கொத்தவரையும் போடுங்கள், கோடையைத் தாங்கும். மற்ற இரண்டையும் அலசி, ஈரமாக இருக்கும்போதே ஜூலையில் கண்ணாடிபோன்ற பாலிதீன் விரிப்பால் மூடி, ஓரத்தை மண்ணால் அடைத்து ஆறு வாரம் விடுங்கள். மேல்மண்ணில் நூற்புழுவும் களை விதையும் பெரும்பாலும் வெந்துவிடும். செப்டம்பரில் எரு கேட்டால் நன்கு மக்கிய தொழுவுரம், சதுர மீட்டருக்கு 3 கிலோ. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்த்தூள் கட்டி அங்கேயே கிடைக்கும், 5 கிலோ கட்டி ஊறினால் சுமார் 70 லிட்டர். அதிலும் உப்பு உண்டு, மூன்று தண்ணீர் அலசிப் பிழிந்துதான் கலக்க வேண்டும்.

கோடையில் பூ வேண்டுமென்றால் நித்தியகல்யாணி, வாடாமல்லி, டேபிள் ரோஸ். ரோஜாவுக்கு 50 சத நிழல்வலை, ஆள் உயரத்துக்கு மேலே கட்டுங்கள். செடியில் பட்டால் அது வேறு சுடும். மல்லி வெயிலுக்குப் பிறந்தது, அதை நிழலில் வைக்காதீர்கள். உப்பு இறங்கி இரும்பு கிடைத்ததும் புதுத் தளிர் பச்சையாக வரும். பூ ஓய்ந்த பிறகு டிசம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிடுங்கள்.