வயதான, உடல் குறையுள்ள நாய் பூனைகளைத் தத்தெடுப்பதில் அப்படி என்ன கிடைக்கிறது?

"குட்டியை எடுத்தால் பத்துப் பதினைந்து வருடம் கூடவே இருக்கும். வயதானதையும் நடக்க முடியாததையும் எடுத்தால் வேலையும் அழுகையும்தானே மிச்சம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை உண்டு, அழுகையும் உண்டு. மிச்சம் அவ்வளவுதானா என்றால், இல்லை.

முதல் விஷயம், குட்டி என்பது ஓர் ஊகம். எவ்வளவு பெரிதாகும், குழந்தைகளோடு ஒத்துப்போகுமா, தனியே விட்டால் கத்துமா, எதுவும் தெரியாது. எட்டு வயது நாயிடம் இதற்கெல்லாம் பதில் ஏற்கெனவே இருக்கிறது. செருப்பைக் கடிக்கும் வயதைத் தாண்டியிருக்கும், நாளின் பெரும்பகுதி தூங்கும். பெரிய இன நாய்களை ஏழு வயதிலும், சிறிய நாய்களையும் பூனைகளையும் பத்து வயதையொட்டியும் முதியவை என்று கணக்கிடுகிறார்கள். பத்து வயதுப் பூனைக்கு இன்னும் ஐந்தாறு வருடம் மிச்சமிருப்பது சாதாரணம்.

கிடைப்பது என்ன என்பதைத் தூங்கும் விதத்தில் பாருங்கள். புதிதாக வந்த நாய் முதல் மூன்று நாள் சுவரோரமாகச் சுருண்டு, மூக்கை வாலுக்குள் புதைத்து, ஒரு காதை உயர்த்தியபடியே படுக்கும். மூன்று வாரத்தில் வீட்டின் நேர ஒழுங்கு பிடிபடும். மூன்று மாதத்துக்குள் ஒரு மதியம், கூடத்தின் நடுவே ஒருக்களித்து, நான்கு காலையும் நீட்டி, வயிறு தெரியக் கிடக்கும். பயத்தில் இருக்கும் பிராணி இப்படி வயிறு தெரியத் தூங்காது. ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்த பிராணி அப்படிப் படுப்பதைப் பார்ப்பது பெரிய விஷயம். இந்த 3 நாள், 3 வாரம், 3 மாதக் கணக்கு தோராயமானதுதான். வயதானவற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். அதுவரை விருந்தாளிகளைக் கூப்பிட வேண்டாம், குளிப்பாட்டவும் அவசரப்பட வேண்டாம்.

பார்வையும் காதும் போனவை பலரும் நினைப்பதைவிட எளிது. கண் தெரியாத நாய் வீட்டின் வரைபடத்தை மனதில் போட்டுக்கொள்ளும். அதனால் மேசை நாற்காலியை இடம் மாற்றாதீர்கள், தண்ணீர்க் கிண்ணம் என்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும். படிக்கட்டின் தொடக்கத்தில் சொரசொரப்பான ஒரு மிதியடியைப் போட்டால் பாதமே எச்சரிக்கை பெறும். காது கேட்காததற்குக் கை சைகை போதும். தூங்கும்போது சட்டென்று தொட்டால் பதறிக் கடிக்கக்கூடும், அது கோபத்தால் அல்ல. தினமும் தோளில் ஒரே இடத்தில் மெல்லத் தொட்டு உடனே ஒரு தின்பண்டம் கொடுத்துப் பழக்குங்கள், தொடுதல் என்றால் நல்லது என்று பதிந்துவிடும். காது கேட்காத நாய்கள் பல, ஆள் காலின் மேல் உடம்பின் ஏதாவது ஒரு பகுதியைச் சாய்த்துக்கொண்டுதான் தூங்கும். நீங்கள் எழுந்தால் தனக்குத் தெரிய வேண்டுமாம்.

மூன்று கால் நாய்களுக்கு இரக்கத்தைவிட எடைக் கட்டுப்பாடுதான் தேவை. நாயின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்கால்கள் தாங்குகின்றன. ஆகவே முன்கால் இழந்ததற்குப் பழக அதிக நாளாகும், மிஞ்சிய முன்காலின் மூட்டும் சீக்கிரம் தேயும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவு மெலிந்தே இருக்கட்டும். வழவழப்பான தரை இவற்றுக்கு எதிரி, நடக்கும் பாதை முழுக்க வழுக்காத விரிப்பு வேண்டும்.

பின்னங்கால் செயலிழந்தவைதான் உண்மையான உழைப்பைக் கேட்பவை. இங்கே பலர் தவறுவது சிறுநீர் விஷயத்தில். படுத்த இடமெல்லாம் சொட்டுகிறது, அதனால் தானாகப் போகிறது என்று நினைத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது நிரம்பி வழிவது, சிறுநீர்ப்பை காலியாவதில்லை. தேங்கிய சிறுநீரில் தொற்று வரும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கையால் அழுத்திக் காலி செய்ய வேண்டும். இதை எழுத்தில் படித்துச் செய்யாதீர்கள். கால்நடை மருத்துவர் உங்கள் கையின் மேல் தன் கையை வைத்துக் காட்டித்தர வேண்டும். பின்னங்கால்களுக்குச் சற்று முன்னே, வயிற்றுக்குள் தண்ணீர் நிறைந்த பலூன் போலப் பை தட்டுப்படும். விரல் நுனியால் குத்தாமல், இரு உள்ளங்கைகளையும் பக்கவாட்டில் தட்டையாக வைத்து, மெதுவாக, ஒரே சீராக, வால் பக்கம் நோக்கி அழுத்தம். தாரை நின்றதும் சில விநாடி விட்டு மறுபடி ஒருமுறை. வராவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள், பை கிழியும் ஆபத்து உண்டு. பையின் வாயிலைத் தளர்த்த மருந்து இருக்கிறது. நாற்றம், கலங்கல், ரத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே பரிசோதனை.

ஈரம் பட்ட தோல் வெந்துபோகும். அந்தப் பகுதி முடியைக் கத்தரித்து, வெதுவெதுப்பான நீரில் கழுவி, முழுக்க உலர்த்தி, வாசலின் (பெட்ரோலியம் ஜெல்லி) மெல்லியதாகப் பூசுங்கள். குழந்தைகளுக்கான டயாப்பர் கிரீம் வேண்டாம். பலவற்றில் துத்தநாக ஆக்சைடு இருக்கும், நக்கினால் விஷம். படுக்கை தடிமனாக இருக்க வேண்டும். தானாகப் புரள முடியாததை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். இடுப்பெலும்பு, முழங்கை மேல் சிவப்பு தெரிந்தால் அதுதான் படுக்கைப்புண்ணின் தொடக்கம்.

சக்கர வண்டிக்கு அளவு முக்கியம். இடுப்பு அகலம், தரையிலிருந்து தொடை இடுக்கு வரை உயரம், உடல் நீளம், எடை. முதுகு மட்டமாக நிற்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்துவிட்டால் எடை முழுவதும் முன் தோளில் இறங்கி அதுவும் கெடும். முதல் வாரம் ஐந்து பத்து நிமிடம் போதும். வண்டியோடு தனியாக விடக் கூடாது, பெரும்பாலான வண்டிகளில் படுக்க முடியாது. கழற்றியதும் தொடை இடுக்கில் பட்டை உரசியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்றிய முதல் நிமிடம் பல நாய்கள் அசையாமல் நிற்கும். பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று திரும்பிப் பார்க்கும். இரண்டடி தள்ளி ஒரு துண்டு உணவை நீட்டுங்கள். ஓர் எட்டு, சக்கரம் உருளும், நிற்கும், இன்னோர் எட்டு. தரையோடு இழுத்துக்கொண்டிருந்த உடம்பு பழைய உயரத்துக்கு வந்துவிட்டது என்று அதற்குப் புரியும் நொடியில் காது இரண்டும் முன்னால் வரும். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

தள்ளாடி நடக்கும் பூனைக்குட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கர்ப்பத்தின்போது தாய்ப்பூனைக்கு வந்த பன்லுகோபீனியா என்ற பூனை நோயின் வைரஸால், உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளை சரியாக வளராமல் பிறப்பவை பல. அப்படிப் பிறந்ததற்கு வலி இல்லை, வயதோடு முற்றுவதும் இல்லை. கனமான கிண்ணம், மலசலம் கழிக்கும்போது சாய்ந்து நிற்க உயரமான சுவருள்ள மணல் தட்டு, விரிப்பு போட்ட தரை, இவை போதும். கருணைக்கொலைக்குக் கொண்டுபோகப்படுவது இவற்றுக்கு இழைக்கப்படும் பெரிய அநியாயம்.

வயதான பூனையிடம் வலி சத்தம் போடாது. அலமாரி மேல் ஏறுவதை நிறுத்தும், முதுகுமுடி சிக்கும், மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிக்கும். அடம் என்று திட்டாமல் தட்டின் ஒரு பக்கச் சுவர் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கும் குறைவாக இருக்கும்படி வெட்டிப் பாருங்கள். மூட்டுவலிக்கு நம் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும், இபுப்ரோஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வாரம் ஒருமுறை எடை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. நான்கு கிலோ பூனை 200 கிராம் குறைந்தால் உடம்பில் இருபதில் ஒரு பங்கு போயிற்று என்று பொருள். கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தொடர்ந்து தாண்டினால் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் பூஜ்யம் (மிக மோசம்) முதல் பத்து (மிக நன்று) வரை மதிப்பெண்; வலி இல்லையென்றால் வலிக்குப் பத்து. கூட்டுத்தொகை 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். கலங்கிய மனதோடு திடீரென்று முடிவெடுப்பதைவிட, எழுதிய தாளோடு மருத்துவரிடம் பேசுவது அந்தப் பிராணிக்கு நியாயம்.

இன்னும் தயக்கம் இருந்தால் தற்காலிகப் பராமரிப்புக்குக் கேளுங்கள், பல காப்பகங்கள் சம்மதிக்கும். கூட்டிவரும் நாளில் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: பழைய ரத்த அறிக்கை, இப்போதைய மருந்தும் அளவும் நேரமும், சிறுநீர் தானாகப் போகிறதா, என்ன சாப்பிடுகிறது. அந்த உணவையே முதல் வாரம் கொடுங்கள். பிறகு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள். அது போர்த்திப் படுத்த பழைய துணி ஒன்றையும் துவைக்காமல் அப்படியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரவு அதன் மேல்தான் படுக்கும்.